பால்கோவா வாசம் அடித்த களிமண்

குப்பைக் கிடங்கில் வேலை என்று வீட்டில் சொல்லச் சங்கடப்பட்டு, ‘சுற்றுச்சூழல் திட்டம்’ என்று சொல்லிவிட்டு இந்தப் பயிற்சிக்கு வந்திருக்கிறீர்களாம். கேள்விப்பட்டேன். நானும் அப்படித்தான் சொன்னேன். நான் பூங்கா அமைக்கும் வேலையில் இருப்பதாகவே என் மாமியார் கடைசி வரை நம்பினார். அதனால் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

களிமண்ணில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும், ரோலரை எப்படி ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெறுவதற்கு முன் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே நான் பார்த்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் சிரிக்கிறார்கள். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே ஒரு பழைய குப்பை மேடு இருந்தது. அடியில் எதுவும் போடாமல், வெறும் தரையில் பல காலமாகக் கொட்டிக் கொட்டி வளர்ந்த மேடு. மழை பெய்தால் குப்பை ஊறி, கடுந்தேநீர் நிறத்தில் ஒரு தண்ணீர் வடியும். கசிவுநீர் என்கிறோம். அது பூமிக்குள் இறங்கி, பள்ளத்தில் இருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றை ஏற்கனவே கெடுத்துவிட்டது. இறைத்தால் நுரை வந்தது. அந்தத் தோட்டக்காரர் மாடுகளை விற்றுவிட்டு நூல் மில் வேலைக்குப் போய்விட்டார். அதற்கு அடுத்த கிணறு பக்கத்துத் தோட்டக்காரி அந்தோணியம்மாளுடையது.

மேட்டுக்குப் பக்கத்தில் ஒழுங்கான ஒரு புதுக் குழி அமைப்பதுதான் எங்கள் திட்டம். குழியின் அடியிலும் சரிவிலும் களிமண்ணைப் பரப்பி இறுக்கினால் கசிவுநீர் கீழே இறங்காது. ஆனால் நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். கண்மாய்க் களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதற்காகத்தான் பழைய பிளாஸ்டிக்கை விரல் நீள நாடாக்களாக நறுக்கி மண்ணோடு கலப்பது. மண் சுவர் வைக்கும்போது வைக்கோல் கலப்பார்களே, அதே யோசனைதான். நாடாக்கள் மண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வெடிப்பு விடாது. வீணாய்ப் போன பிளாஸ்டிக்குக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

ஒப்பந்ததாரர் ரெங்கையா ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். நான் ஆலோசனை நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். அவர் செய்யும் வேலையை நான் சோதித்து, சரி என்று சொன்னால்தான் குழியைத் திறக்கலாம். அதனால் அவர் என்னை மேடம் என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும், வாரத்தில் பாதி நாள் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

முதல் நாடா லாரி வந்த அன்றே கூத்து தொடங்கியது. கிடங்கின் வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். ‘இது பிளாஸ்டிக் இல்லா வளாகம்.’ எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி பலகை அச்சடித்து அனுப்பியதில் ஒன்று இங்கேயும் வந்துவிட்டது. காவலாளி செல்லையா பட்டாளத்தில் சமையல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுதியிருப்பதை நடத்திக் காட்டுவதுதான் வேலை என்று நினைப்பவர். நான் போய்ச் சேர்ந்தபோது லாரி வாசலுக்கு வெளியே நின்றது. டிரைவர் அதன் நிழலில் படுத்திருந்தார்.

“உள்ள விட முடியாது மேடம்,” என்றார் செல்லையா. “முழுக்க பிளாஸ்டிக்கு.”

“செல்லையா, இந்த வேலையே பிளாஸ்டிக்கை வச்சுத்தான். அதுக்காகத்தான் வந்திருக்கு.”

“இருக்கலாம் மேடம். போர்டுல அப்பிடிப் போடலையே.”

அவருக்குப் பின்னால், ஊர் முழுவதும் தூக்கி எறிந்த பிளாஸ்டிக் பை ஒரு மலையாக எழுந்து நின்றது. காற்றில் அதன் உச்சியில் பைகள் கொடி போல ஆடின. நான் அதைக் கையால் காட்டினேன்.

“அது போர்டு மாட்டுறதுக்கு முந்தியே வந்தது,” என்றார்.

அதே நேரம் அந்தோணியம்மாள் இடுப்பில் குடத்துடன் வந்துவிட்டாள். குழி வேலை ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் காலையில் தன் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, ஒரு டம்ளர் ஊற்றி என்னைக் குடிக்கச் சொல்லுவாள். நான் குடித்து முகம் சுளிக்காமல் இருந்தால்தான் அவள் அன்றைக்குத் தோட்ட வேலைக்குப் போவாள். எங்கள் பரிசோதனைக் கூடத்தின் முடிவுகளை அவள் நம்பியதே இல்லை. அன்று செல்லையா அவளையும் நிறுத்தினார். குடம் பிளாஸ்டிக் குடம்.

“குடத்தை வெளிய வச்சிட்டுப் போங்க.”

“தண்ணிய எதுல கொண்டு போக? வாயிலயா?”

“தண்ணிக்குத் தடை இல்ல. குடத்துக்குத்தான்.”

அந்தோணியம்மாள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு குடத்தைச் சாய்த்து முழுத் தண்ணீரையும் அவர் காக்கிச் சட்டை மேல் ஊற்றினாள். “இப்ப தண்ணிய நீரு உள்ள கொண்டு போரும்,” என்று சொல்லிவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பிப் போனாள்.

இதிலிருந்து உங்களுக்கு ஒன்று. வாக்குவாதத்தில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், எதிரில் நிற்பவருக்குத் தேவை உத்தரவுதான் என்றால் உத்தரவைக் கொடுங்கள். நான் ஒரு அட்டையில் ‘இந்தப் பிளாஸ்டிக் மண்ணாகப் போவதால் மண்ணாகக் கருதப்படும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு லாரியின் முகப்பில் ஒட்டினேன். செல்லையா அதைப் படித்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, கேட்டைத் திறந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நாடாக்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தவை. அங்கே பால்கோவா வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. அதை அடைத்து விற்கிற சின்ன டப்பாக்களைச் சேகரித்து, நறுக்கி, ஒரு ஆள் மூட்டை மூட்டையாக ரெங்கையாவுக்குக் கொடுத்தார். நான் நாடாவின் நீளம் பார்த்தேன், அகலம் பார்த்தேன், இழுத்தால் அறுகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இனிக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எந்தக் கையேட்டிலும் இல்லை.

சேத்தூர்ப் பக்கத்துக் கண்மாயிலிருந்து களிமண் வந்தது. கலந்தோம், பரப்பினோம், இறுக்கினோம். பிளாஸ்டிக் நாடா மினுமினுக்கும் அந்தக் கரிய தரை உண்மையிலேயே அழகாக இருந்தது. வெயிலில் காய்ந்துவிடாமல் இருக்க மேலே ஈரச் சாக்கு போர்த்தினோம். வேலை செய்த பெண்கள் முதல் நாளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்கள்.

“மேடம், மண்ணு பால்கோவா வாசம் அடிக்கி.”

“நல்லதுதான, குப்பைக் கெடங்குல நல்ல வாசம் வந்தா வேண்டாங்கவா போறிய?” என்றார் ரெங்கையா.

அடுத்த நாள் மாடுகள் வந்தன. ஊர் மாடுகள் வழக்கமாகப் பழைய மேட்டில்தான் மேயும். அவை அந்த மலையை அப்படியே விட்டுவிட்டு, வரிசையாகக் குழிக்குள் இறங்கி, சாக்கை முகத்தால் தள்ளிவிட்டு எங்கள் களிமண்ணை நக்கத் தொடங்கின. அடிக்கடி ஒரு மாடு தலையைத் தூக்கி, கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றும். விரட்டினால் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். பிளாஸ்டிக் வயிற்றில் போய்ச் சிக்கினால் உயிருக்கு ஆபத்து என்பதால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு மாடு பிடித்தோம். கடைசியில் குழியைச் சுற்றி வேலி போட்டோம். குப்பைக் கிடங்கிலிருந்து ஊரைக் காக்க வேலி போடுவார்கள். நாங்கள் ஊரிலிருந்து கிடங்கைக் காக்க வேலி போட்டோம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிறகு வளையச் சோதனை வைத்தோம். களிமண்ணில் ஒரு இரும்பு வளையத்தைப் பதித்து, தண்ணீர் நிரப்பி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. நல்ல தரையாக இருந்தால் நாள் கணக்கில் பார்த்தாலும் மட்டம் லேசாகத்தான் குறையும். எங்களுடையது காலையில் நிரப்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் பாதி காணாமல் போனது.

“வெயிலுக்கு ஆவியாயிருக்கும்,” என்றார் ரெங்கையா. மூடி போட்டோம். அப்படியும் போனது.

“நாய் குடிச்சிருக்கும்.” மூடியைத் திறந்து குடித்துவிட்டு மறுபடி மூடி வைக்கும் நாயை நான் பார்த்ததில்லை என்றேன். ஆனாலும் அவர் மன நிம்மதிக்காகச் செல்லையாவை வளையத்துக்குக் காவல் போட்டோம். அவர் ஒரு பகல் முழுக்க ஸ்டூல் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் வந்து விறைப்பாக நின்றார்.

“நாய் குடிக்கல மேடம். காக்கா குடிக்கல. தண்ணி தானாத்தான் கீழ போகுது.”

“போறதைப் பாத்துட்டு என்னவே செஞ்சீரு?” என்று கத்தினார் ரெங்கையா.

“பாக்கச் சொல்லித்தான் உத்தரவு. தடுக்கச் சொல்லி இல்ல.”

நான் குழிக்குள் இறங்கிச் சாக்கைத் தூக்கினேன். சாக்குக்கு அடியில் தரை நகர்ந்துகொண்டிருந்தது. எறும்பு. ஒரு புற்று, இரண்டு புற்று இல்லை, தரை முழுக்க. ஈரமும் நிழலும் நாங்களே கொடுத்திருக்கிறோம், மண்ணுக்குள் விருந்தும் புதைத்து வைத்திருக்கிறோம். சரியாகக் கழுவாத ஒவ்வொரு டப்பாத் துண்டையும் தேடி அவை துளை போட்டுக்கொண்டு இறங்கியிருந்தன. தண்ணீர் போகாத தரை கட்ட நாங்கள் பட்ட பாட்டை விட, அதில் வழி செய்ய அவை பட்ட பாடு குறைவுதான்.

இந்த இடத்தில்தான் உங்கள் கவனம் வேண்டும். ஏனென்றால் இன்னும் சில நாளில் திறப்பு விழா. சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது, கல்வெட்டு செதுக்கியாகிவிட்டது. ‘கழிவைக் கொண்டே நிலத்தடி நீரைக் காக்கும் முன்னோடித் திட்டம்’ என்று அதில் பெரிதாக இருந்தது.

ரெங்கையா அன்றே ஒரு வழி சொன்னார். “எறும்புப் பொடி மூட்டை மூட்டையா எறக்குதேன் மேடம். மேல தூவி, தண்ணியத் தெளிச்சு விட்டா ஒரு எறும்பு மிஞ்சாது. மேல ஒருக்கா ரோலரு ஓட்டுனா ஓட்டையும் அடைஞ்சு போகும்.”

“ரெங்கையா, எதுக்கு இந்தத் தரையைப் போடுறோம்?”

“கெணத்துத் தண்ணி கெடாம இருக்க.”

“அதுல விஷத்தைத் தூவித் தண்ணி தெளிச்சா, அது ஓட்டை வழியா எங்க போகும்?”

அவர் அந்தோணியம்மாளின் தோட்டத்துப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு சட்டைப் பையில் எதையோ தேடினார். “அப்ப கொஞ்சமாத் தூவலாம்,” என்றார்.

எங்கள் நிறுவனத்திலிருந்தும் போன் வந்தது. “மேடம், எறும்புக்காக விழாவை நிறுத்தினோம்னு நான் மேல எப்படிச் சொல்ல முடியும்? மேல்மட்டத்துல மட்டும்தானே இருக்கும்? எவ்வளவு ஆழம் போயிருக்கப் போகுது?” என்று கேட்டார் என் மேலாளர். எனக்கும் அந்தக் கேள்விக்கு விடை தெரியாது. தெரியாதபோது ஒரே வழிதான், தோண்டிப் பார்ப்பது.

விழாவுக்காக எல்லைக் கற்களுக்குப் பூச ஒரு தொட்டி நிறையச் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தார்கள். அதை எடுத்து எறும்புத் துளைகளில் ஊற்றினோம். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தது. தொட்டி காலியான பிறகு, அந்த இடத்தைக் கத்தியால் செதுக்கிக்கொண்டே கீழே போனோம். கரிய மண்ணில் வெள்ளைக் கோடுகள் வேர் போலக் கிளை விட்டுப் போயின. முதல் அடுக்கைத் தாண்டின, இரண்டாவதையும் தாண்டின. களிமண் தரையின் அடிவரை, அதற்குக் கீழே உள்ள மணல் வரை வெள்ளைச் சொட்டுகள் இருந்தன. ரெங்கையா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “அம்புட்டும் எறும்பா?” என்று மெல்லக் கேட்டார். நான் ஆம் என்றேன்.

எனக்கு அந்தோணியம்மாளை நினைத்தால்தான் பயமாக இருந்தது. அவளிடம் நானே போய்ச் சொன்னேன். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். மண்வெட்டியை நட்டுவிட்டு முழுவதும் கேட்டாள்.

“அப்ப இதைப் பிச்சுப் போட்டு மறுபடி போடணுமா?”

“ஆமா. மழை முடிஞ்சுதான் போட முடியும்.”

“அது வரைக்கும் குப்பைய எங்க கொட்டுவாக?”

பதில் இரண்டு பேருக்கும் தெரியும். பழைய மேட்டில்தான்.

“அதுல கொட்டக் கொட்ட அந்தத் தண்ணியும் எங் கெணத்தப் பாத்துத்தான் வருது. ஏட்டி, நீ நல்லது செய்யுதேன்னு சொல்லி ஒரு மழைக்காலம் பூராவும் எனக்குக் கெடுதல் செய்யுதியே.”

அவள் சொன்னது நியாயம். இந்த வேலையில் தாமதம் யாருக்கும் பாதகமில்லாத ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ ஒருவருடைய கிணறு அந்தத் தாமதத்தைக் குடிக்கிறது. நான் அவளிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“பழைய மேடு கெட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் புதுசு கட்டுறோம். ஓட்டையா ஒன்னைக் கட்டி, நல்லா இருக்குன்னு நான் சொல்லிட்டா, மேல குப்பை ஏறிடும். அப்புறம் யாரும் அதைத் திறந்து பாக்க மாட்டாங்க. உங்க பேரப்பிள்ளை காலத்துலயும் பாக்க மாட்டாங்க.”

அவள் நட்டிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி வாய்க்காலை அடுத்த தென்னைக்குத் திருப்பிவிட்டாள். “மாதாவே,” என்றாள். பிறகு, “பிளாஸ்டிக்கே விசம்னு சொல்லுதாக. அதையே மண்ணுல போட்டுப் பெசையுதியளே, அது மட்டும் எறங்காதா?” என்று கேட்டாள்.

“நீளமா நறுக்கின துண்டு, இறுக்கின களிமண்ணுக்குள்ள, வெயில் படாம கிடக்கு. நகராதுன்னுதான் சோதனையில தெரியுது. தூள் இருந்தா ஆபத்து, அதனால தூளைச் சலிச்சு எடுத்துடுறோம். உங்க கிணத்துத் தண்ணியைத் தொடர்ந்து பாத்துக்கிட்டே இருக்கணும். அதை நான் எழுதி வாங்கித் தர்றேன்.”

“எனக்கு எழுத்து வேண்டாம். நீ வந்து குடி. அது போதும்.”

மேலாளரிடம் நான் ஒப்புதல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டார், பிறகு கெஞ்சினார், பிறகு ஒரு சமரசத்துக்கு வந்தார். குழியின் கிழக்குப் பாதியில்தான் எறும்பு அதிகம். மேற்குப் பாதி கடைசியாகப் போட்டது, அதற்கு வந்த மூட்டைகள் எப்படியோ நன்றாகக் கழுவியவையாக இருந்தன, அங்கே வளையத்தில் தண்ணீர் நின்றது. கிழக்குப் பாதியைப் பெயர்த்துவிடுவோம், அதிகாரி மேற்குப் பாதியைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். இது எனக்கும் சரியாகப் பட்டது. ரெங்கையா முகத்தில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தார். ஆனாலும் ஆட்களை விட்டுக் கிழக்குப் பாதியைப் பெயர்த்து மேலே குவித்தார்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, குழிக்குள்ளிருந்து ரெங்கையாவின் குரல் ரோடு வரை கேட்டது. தமிழும் தெலுங்கும் கலந்து வந்ததால் விஷயம் பெரியது என்று தெரிந்துகொண்டேன். ஓடிப் போய்ப் பார்த்தேன்.

மேற்குப் பாதியில் பந்தல் நின்றது. அதிகாரிக்கு வெயில் படக்கூடாது என்று யாரோ பந்தல்காரருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் நல்ல தொழில்காரர். மண் இறுகிக் கிடந்ததால் கடப்பாரை போட்டு ஆழமாகக் குழி தோண்டி, சவுக்குக் கால்களை ஊன்றி, அசைத்துப் பார்த்து, கல் வைத்துக் கெட்டித்திருந்தார். மேடைக்குத் தனியாக, வரவேற்பு வளைவுக்குத் தனியாக, மைக்செட் குழாய்க்குத் தனியாக. நீர் புகாத தரையைத் திறந்து வைக்க, அந்தத் தரை முழுக்கத் துளை போட்டிருந்தார்.

“எம்புட்டுக் கெட்டியா இருந்துச்சு தெரியுமா? கடப்பாரையே வளைஞ்சு போச்சு,” என்று பந்தல்காரர் பெருமையாகச் சொன்னார்.

ரெங்கையா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “ஏலே, அது தரை இல்லலே! அது மூடி! தண்ணி போவாத மூடி! ராத்திரி பகலா நான் அதை மாடு நக்காமப் பாத்தேன், எறும்புக்குப் பயந்து பாத்தேன், நீ வந்து கடப்பாரையப் போட்டுட்டியேலே, அய்யய்யோ!” என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எறும்புப் பொடி தூவி மூடிவிடலாம் என்று சொன்ன அதே மனிதர். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பந்தலில் கட்டியிருந்த வாழைமரம் எங்கள் தலைக்கு மேல் ஆடியது.

“முழுசாப் பேத்துருவோம் மேடம்,” என்றார் கடைசியில். “ஒட்டுப் போட்ட வேட்டிய நான் கட்டுறதில்ல.”

விழா நடந்தது. அதை நிறுத்த யாருக்கும் தைரியம் இல்லை. அதிகாரி வந்தார், ரோஜா மாலை வாங்கினார், நாடாவை வெட்டினார், கல்வெட்டைத் திறந்தார். பிறகு பந்தலிலிருந்து எட்டிப் பார்த்து, கரையில் பெயர்த்துக் குவித்திருந்த மண்ணைக் காட்டி, “நல்ல உயரமா வந்திருக்கு” என்றார். மேலாளர் என் கையை அழுத்தினார். நான் அதிகாரியின் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல் சொன்னேன். “ஐயா, இது தரை இல்லை. தரை சரியா வரலைன்னு தோண்டி எடுத்த மண்ணு. இன்னைக்குத் திறக்க இங்க ஒன்னும் இல்ல.”

அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். “வெட்டிட்டேனேம்மா,” என்றார்.

“பரவாயில்லை ஐயா. வெட்டுனது துணி நாடாதான்.”

அவர் நல்ல மனிதர். ஒரு கணம் தாடையைத் தடவிவிட்டு மைக்குக்குப் போனார். தவறு என்று தெரிந்ததும் தோண்டிப் பார்க்கும் துணிச்சல் எல்லோருக்கும் வராது என்று எதைப் பற்றியோ பேசுவதுபோலப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். பந்தல்காரர் அது தன்னைப் பற்றித்தான் என்று நினைத்துக் கும்பிட்டார். அன்று சாயங்காலமே மேற்கே மலை கறுத்து மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்ட பிறகு மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை நாடாவை எங்கள் கண் முன்னால் கழுவுவது என்று முடிவு. வெந்நீரில்தான் பால் பிசுக்கு போகும். அவ்வளவு வெந்நீர் வைக்கக் கல்யாணச் சமையல் அண்டாக்கள் வேண்டும். ரெங்கையா பாத்திரக் கடைக்குப் போய்க் கேட்டார்.

“எத்தன எலைக்கு?” என்றார் கடைக்காரர்.

“எலை இல்லய்யா, டப்பா.”

“டப்பாவுல பார்சலா?”

“டப்பாவையே வேக வைக்கணும்.”

கடைக்காரர் அண்டாவைக் கொடுத்துவிட்டு, ரெங்கையாவின் மனைவிக்குப் போன் போட்டு வீட்டில் எல்லாம் சுகம்தானா என்று விசாரித்திருக்கிறார். குழிக்கரையில் அடுப்பு மூட்டி, அண்டாக்களில் நாடாவைப் போட்டு, துடுப்பால் கிளறினார்கள். தூரத்தில் ரோட்டில் போகிறவர்கள் ஏதோ விசேஷம் என்று நினைத்து இறங்கி வந்தார்கள். இரண்டு குடும்பம் மொய்க் கவரோடு வந்தது.

கழுவிய தண்ணீரை என்ன செய்வது? சும்மா விட்டால் பிளாஸ்டிக் பொடி எங்காவது போய்ச் சேரும். பக்கத்துத் தறிக்கூடத்தில் நெய்த பேண்டேஜ் துணியை நாலாக மடித்து அதில் வடிகட்டினோம். அந்தோணியம்மாள் வந்து நின்றாள். “சோப்பு போடாதீய. வடிச்சத எந் தென்னைக்கு ஊத்திக்கிடுதேன். பாலும் சீனியும்தான?” என்றாள். தானே கடைசி வடிப்பை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி, துணியை வெயிலுக்குப் பிடித்து, ஒரு துண்டு கூட மினுங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எடுத்துப் போனாள்.

ரெங்கையா இப்போது வேறு ஆளாகிவிட்டார். ஒவ்வொரு மூட்டை நாடாவையும் மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்துத்தான் கலக்க விட்டார். சந்தேகம் வந்தால் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தும் பார்த்தார். குழிக்குள் இறங்குகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று சட்டம் போட்டார். செல்லையா அதை எழுதி வாசலில் மாட்டினார். வளையச் சோதனையில் முதல் நாள் தண்ணீர் மட்டம் குறையவில்லை, ஏறியிருந்தது. “மேடம், நம்ம மண்ணுல தண்ணி ஊறுது!” என்று ரெங்கையா கத்திக்கொண்டு ஓடி வந்தார். விடியற்காலையில் தூறல் போட்டிருக்கிறது என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. மூடி போட்டு மறுபடி வைத்தோம். தண்ணீர் அசையவில்லை. வேறு இடத்தில் வைத்தோம். அங்கேயும் அசையவில்லை. வெயிலில் காயவிட்டுப் பார்த்தோம், வெடிப்பு விடவில்லை. நான் ஒப்புதல் கொடுத்தேன்.

களிமண்ணின் மேல் கசிவுநீர் வடிவதற்குச் சரளைக்கல் பரப்பி, குழாய் பதித்தார்கள். ரெங்கையா சரளையையும் கழுவித்தான் போடச் செய்தார். குழி ஒரு கோயில் தெப்பக்குளம் போல இருந்தது. தேவதானத்திலிருந்து அவர் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதல் குப்பை லாரி வந்த காலையில் நாங்கள் எல்லோரும் கரையில் நின்றோம். விழா எதுவும் இல்லை. லாரி பின்பக்கமாக வந்து விளிம்பில் நின்றது. டிரைவர் பின்கதவின் கொக்கியை எடுத்தார். அழுகிய காய்கறி வாசம் வந்தது. அப்போது ரெங்கையா திடீரென்று குழிக்குள் குதித்து ஓடி, லாரிக்கு நேர் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“ஏலே, நிறுத்துலே! கொட்டாத!”

டிரைவர் எட்டிப் பார்த்தார். “என்ன சார்? இங்கதான கொட்டச் சொன்னாக.”

“கொட்டாத. அதும் மேலயாலே கொட்டுவ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். அவர் கண் கலங்கியிருந்தது.

“ரெங்கையா, இதுக்குத்தானே கட்டினோம்?”

“தெரியும் மேடம். இம்புட்டு சுத்தமா இருக்கே. இத ஒரு மனுசனும் இனிமே பாக்க முடியாதே.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரு ஓரமாவாச்சும் கொட்டச் சொல்லுங்க.”

பிள்ளைகளே, பார்த்துப் பார்த்துக் கட்டியதன் மேல் நாமே குப்பையைக் கொட்டச் சொல்லும் ஒரு காலை நம் தொழிலில் எல்லோருக்கும் வரும். அவர் தோளைப் பிடித்து மெல்ல ஓரத்துக்கு நடத்திக் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் கரையேறியதும் டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தேன். லாரியின் பெட்டி மெல்ல மேலே எழும்பியது. ஊரின் நேற்றைய குப்பை முழுக்க அந்தச் சரளை மேல் சரிந்து விழுந்தது.

“மெதுவாலே!” என்று கத்தினார் ரெங்கையா.